அப்பாவின் மாத்திரை டப்பாவும் ரெண்டு பாலிப்பும்

சொந்தத்தில் யாருக்காவது கொலனோஸ்கோபி (பின்வழியாகக் கேமரா விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) எடுத்து "குடல்ல சதை வளந்திருக்கு, எடுக்கோணும்" என்று சொல்லிவிட்டால் இப்போதெல்லாம் முதல் போன் எனக்குத்தான் வருகிறது. இந்த ஜூலையில் அப்பாவுக்கு எடுத்ததிலிருந்து நான் பாதி டாக்டர் என்று ஊருக்குள் ஒரு நினைப்பு. நான் படித்தது பி.காம்., பார்ப்பது நூல் கம்பெனியில் கணக்கு. ஆனாலும் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றேதான்: "உள்ள அறுத்தா ரத்தம் நிக்குமா அம்மிணி?" போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் ஒரே தடவையாக இங்கே எழுதிவிடுகிறேன்.

அப்பாவுக்கு 67 வயது. காங்கேயத்துக்குப் பக்கத்தில் தோட்டம், தென்னையும் நாலு மாடும். ஏப்ரலில் இருந்தே நாலு குடம் தண்ணி எடுத்தால் மூச்சு வாங்குகிறது என்றார், வெயில் என்று விட்டுவிட்டோம். ரத்தம் டெஸ்ட் பண்ணியதில் ஹீமோகுளோபின் 8.9, ரத்தசோகை. மலத்தில் கண்ணுக்குத் தெரிகிற ரத்தம் ஒன்றும் இல்லை, ஆனால் துளித்துளியாக எங்கேயோ கசிகிறது என்று சொல்லி மேலேயும் கீழேயும் கேமரா விட்டுப் பார்த்தார்கள். மேலே ஒன்றும் இல்லை. கீழே ரெண்டு பாலிப், அதாவது குடலின் உள்சுவரில் வளர்கிற சதை. ஒன்று இடது பக்கம், வளைந்து இறங்குகிற சிக்மாய்டு பகுதியில், காளான் மாதிரி காம்பும் தலையுமாக, தலை மட்டும் இரண்டரை செ.மீ. இன்னொன்று வலது பக்கம் மேலேறுகிற குடலில், காம்பே இல்லாமல், சுவரோடு பாய் விரித்த மாதிரி மூன்று செ.மீ.க்குப் படர்ந்திருந்தது.

அன்றைக்குப் பார்த்த டாக்டர் அப்போதே அறுக்கவில்லை. ரெண்டு போட்டோ எடுத்துக் கொடுத்து, "இது பெரிசுங்க, கோயமுத்தூர்ல இதையே செய்யறவங்ககிட்ட போயிருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்பாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம், "கையில இருந்ததைப் பிடுங்காம விட்டுட்டாரே" என்று. எனக்கு இப்போது அந்த டாக்டர் மேல் பெரிய மரியாதை. பெரிய பாலிப்பைக் கொஞ்சம் கிள்ளிப் பார்க்கிறேன், பாதி எடுத்துப் பார்க்கிறேன் என்று கை வைத்தால் அந்த இடம் தழும்பாகி அடியில் ஒட்டிக்கொள்ளுமாம், அப்புறம் வருகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அதைத் தூக்கி எடுப்பது கஷ்டம்.

சரி, மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன், இதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

அப்பாவுக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைபடாமல் திறந்து வைக்கிற சின்னக் கம்பிவலைக் குழாய்) வைத்தது. ஜூலை 21 என்று தேதி வாங்கியாயிற்று, நான் லீவு போட்டாயிற்று, குடல் சுத்தம் பண்ணுகிற பொடியும் வாங்கியாயிற்று. நாங்கள் போன ஆஸ்பத்திரியில் அட்மிஷன் படிவத்தை நிரப்பிய பையன், "ஐயா ஆஸ்பிரின் சாப்பிடறீங்களா?" என்று கேட்டிருக்கிறான். அப்பா, "இல்லீங்க தம்பி" என்று சொல்லியிருக்கிறார். "ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை?" "அதெல்லாம் இல்லீங்க, ஹார்ட்டுக்கு மட்டும் ராத்திரி ஒரு கேப்சூல்." அவன் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டான். யாரும் பொய் சொல்லவில்லை. கேட்டவன் கேட்டதும் சரி, அப்பாவுக்குத் தெரிந்தவரை பதிலும் சரி.

அந்தத் தேதிக்கு ரெண்டு நாள் முன்னால் ராத்திரி, கோவைக்குக் கொண்டுவர அவருடைய மாத்திரை டப்பாவை (பழைய பிஸ்கட் டப்பா, மூடி துருப்பிடித்தது) கொட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்த 'ஹார்ட் கேப்சூல்' அட்டையைத் திருப்பி, செல்போன் வெளிச்சத்தில் பொடி எழுத்தைப் படித்தால், ஒரே கேப்சூலுக்குள் மூன்று மருந்து: கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின், கூடவே ரத்தம் உறையாமல் தடுக்கிற குளோபிடோக்ரெல், கூடவே அதே வேலைக்கு ஆஸ்பிரின். முன்பக்கம் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பேர், அதில் இதொன்றும் தெரியாது. நம்ம பக்கம் ஸ்டென்ட் வைத்த எத்தனையோ பேர் இப்படிச் சேர்ந்த கேப்சூல்தான் சாப்பிடுகிறார்கள். "ஆஸ்பிரின் சாப்பிடறீங்களா" என்று கேட்டால் சத்தியமாக இல்லை என்றுதான் சொல்வார்கள்.

காலையில் போன் பண்ணினேன். தேதி ஒரு வாரம் தள்ளிப் போனது. "நல்லவேளை சொன்னீங்க" என்றார் டாக்டர். எனக்குக் கோபம்தான் வந்தது, ஒரு படிவத்தில் 'அட்டையைக் கொண்டுவந்து காட்டவும்' என்று ஒரு வரி போட முடியாதா? அப்புறம் யோசித்தால், ரெண்டு வருஷமாக அந்த அட்டையை மெடிக்கலில் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்ததே நான்தான்.

அடுத்து நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். ரத்தம் நிற்க வேண்டுமென்றால் அந்தக் கேப்சூலை நிறுத்திவிட்டால் போச்சு என்று நாங்கள் நினைத்தோம், அம்மா அன்றைக்கே எடுத்து ஒளித்து வைக்கவும் கிளம்பிவிட்டார். டாக்டர் பதறிப்போனார். ஸ்டென்ட் இருக்கிறவர் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் கட்டி மாரடைப்பு வரலாம். குடலில் வருகிற ரத்தத்தைப் பெரும்பாலும் நிறுத்திவிடலாம், மாரடைப்பை அப்படி நிறுத்த முடியாது. இதய டாக்டரிடம் பேசி முடிவு செய்தது இதுதான்: சேர்ந்த கேப்சூலை நிறுத்தி, அதற்குப் பதிலாக ஆஸ்பிரின் தனியாக, கொழுப்பு மாத்திரை தனியாக. குளோபிடோக்ரெல் மட்டும் 7 நாள் கிடையாது. ஆஸ்பிரின் ஒரு நாளும் நிற்காது, பாலிப் எடுக்கிற அன்றைக்கும்கூட. ஸ்டென்ட் வைத்து ஒரு வருஷம் தாண்டியதால் இந்த அளவுக்கு முடிந்தது, புது ஸ்டென்ட் என்றால் பாலிப் எடுப்பதையே தள்ளிப் போட்டிருப்பார்களாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு 5 நாள் முன்னால் நிறுத்தி ஐ.என்.ஆர். (ரத்தம் உறைகிற வேகத்தைக் காட்டுகிற டெஸ்ட்) பார்ப்பார்கள், புதுசாக வந்திருக்கிற அபிக்ஸபான், ரிவரோக்ஸபான் மாதிரியானவை என்றால் ரெண்டு மூன்று நாள், கிட்னி சரியில்லை என்றால் இன்னும் முன்னாலேயே. இதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அஞ்சு நாள் நிறுத்தினார் என்று நீங்களும் நிறுத்திவிடாதீர்கள், மாத்திரை எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

ரத்தசோகைக்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் ஒரு வாரம் நிறுத்தச் சொன்னார்கள். அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடல் சுவரில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளுமாம். மூட்டு வலிக்கு அப்பா மெடிக்கலில் கேட்டு வாங்கி முழுங்குகிற வலி மாத்திரைக்கும் தடை. அதுவும் டப்பாவில்தான் இருந்தது, ஒரு பொட்டலத்தில், பேர் இல்லாமல்.

குடல் சுத்தம் பண்ணுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று நாள் கம்மஞ்சோறு, கீரை, கொய்யா, தக்காளி கிடையாது. பொடியைப் பாதி முதல் நாள் சாயங்காலமும் பாதி அன்றைக்கு விடியக்காலையிலும் கரைத்துக் குடிக்க வேண்டும். கடைசியில் போவது தெளிந்த மஞ்சள் தண்ணியாக இருக்க வேண்டும், சேறாக இருந்தால் ரத்தம் எங்கே இருந்து வருகிறது என்றே டாக்டருக்குத் தெரியாது.

ஜூலை 28, காலை. எடுத்து முடித்ததும் டாக்டர் என்னையும் எங்க ஊட்டுக்காரரையும் உள்ளே கூப்பிட்டுக் கம்ப்யூட்டரில் ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டினார். நான் பார்க்க மாட்டேன் என்றுதான் நினைத்தேன். பார்க்க ஆரம்பித்த பிறகு கண்ணை எடுக்க முடியவில்லை.

முதலில் காம்பு வைத்த பாலிப். இதில் பயமே காம்புதான், பெரிய தலைக்குத் தீனி போடுகிற ரத்தக்குழாய் அந்தக் காம்புக்குள் ஓடுகிறது. தலை 2 செ.மீ.க்கு மேல், அல்லது காம்பு 1 செ.மீ. தடிமனுக்கு மேல் இருந்தால் அறுப்பதற்கு முன்பே காம்பைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. கவனிப்பது என்றால், காம்பில் நீர்த்த அட்ரினலின் ஊசி போட்டு ரத்தக்குழாயைச் சுருங்க வைப்பது, அல்லது கிளிப் போடுவது, அல்லது லூப் போட்டு இறுக்குவது, சில சமயம் ஊசியோடு கிளிப்போ லூப்போ சேர்த்து. அட்ரினலின் மட்டும் போட்டால் சில மணி நேரத்தில் அதன் வேகம் இறங்கிவிடும் என்பதால் அப்பாவுக்கு லூப்பும் போட்டார். நைலான் சுருக்கு, கேமரா வழியாகவே உள்ளே போகிறது. தலையைத் தாண்டி அதைக் கீழே இறக்கி, காம்பின் அடியில் நிறுத்தி, மெதுவாக இறுக்குகிறார். இறுக்க இறுக்க, ரோஸ் கலரில் இருந்த அந்தத் தலை நம் கண்ணெதிரே கத்தரிக்காய் கலராக மாறுகிறது. ரத்தம் போகவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம் என்றார். அப்புறம் லூப்புக்குக் கொஞ்சம் மேலே கம்பிச் சுருக்கை மாட்டி, கரண்ட் கொடுத்து அறுத்தார். லூப்பை ஒட்டியே அறுத்தால் நழுவிவிடும், அதனால் ஒரு துண்டுக் காம்பை மிச்சம் விட வேண்டும். லூப் போட்டும் ரத்தம் வந்தால் அந்த மிச்சக் காம்பையே திரும்பச் சுருக்கில் பிடித்து, கரண்ட் இல்லாமல், சில நிமிஷம் அப்படியே நெரித்து வைத்திருக்கலாம். இதை அப்பாவிடம் அப்புறம் சொன்னபோது அவர் அசரவில்லை. "கன்னு போட்டா தொப்புள்கொடிய நூல் போட்டுக் கட்டீட்டுத்தான அறுப்போம், இதுக்கு ஒரு படிப்பா?" என்றார். மாட்டுக்காரரிடம் என்ன பேசுவது.

வலது பக்கத்தில் இருந்ததைக் கட்ட முடியாது, கட்டுவதற்குக் காம்பே கிடையாது. அங்கே வேறு வேலை. பாலிப்புக்கு அடியில், சுவரின் மேல்தோலுக்கும் தசைக்கும் நடுவில், ஊசியால் உப்புத்தண்ணியும் நீலச் சாயமும் துளி அட்ரினலினும் கலந்து ஏற்றுகிறார். சூடு பட்ட இடத்தில் கொப்புளம் எழும்புமே, அப்படிப் பாலிப் மொத்தமும் ஒரு நீல மெத்தை மேல் எழும்பி நிற்கிறது. அந்த மெத்தை இருப்பதால்தான் கரண்டின் சூடு அடியில் இருக்கிற தசையைத் தொடாது, பெரிய ரத்தக்குழாயும் கொஞ்சம் தள்ளி நிற்கும். அப்புறம் சுருக்கால் அஞ்சாறு துண்டாக எடுத்தார். மூன்றாவது துண்டை எடுத்ததும் ஒரு இடத்திலிருந்து மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு பீய்ச்சி அடித்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. டாக்டர் வீடியோவை நிறுத்தவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. திரையில் தண்ணி பீய்ச்சி அந்த இடத்தைக் கழுவி, ரத்தம் எந்தப் புள்ளியிலிருந்து வருகிறது என்று பார்த்து, சுருக்குக் கம்பியின் நுனியை மட்டும் நீட்டி, மிதமான கரண்டில் ஒரு தொடு. நின்றுவிட்டது. "இது ரத்தம் வர்றதுன்னே நாங்க எண்ண மாட்டோம்" என்றார். எண்டோஸ்கோபியின்போது வருகிற ரத்தம் அவர்கள் கண் முன்னால், கையில் கருவி இருக்கும்போது வருகிறது, அதை நிறுத்திவிடலாம். அவர்கள் பயப்படுவது வீட்டுக்குப் போன பிறகு வருகிற ரத்தத்துக்கு.

கரண்டில் எடுத்த இடம் ஒரு தீப்புண். மேலே பொருக்கு கட்டும். அந்தப் பொருக்கு சில நாளில் உதிரும்போது அடியில் இருக்கிற குழாய் திறந்துகொள்ளலாம். அதனால்தான் எல்லாம் நல்லபடி முடிந்து வீட்டுக்கு வந்து, தயிர்சாதத்திலிருந்து குழம்புக்கு மாறின பிறகு, அஞ்சாம் நாளோ பத்தாம் நாளோ ரத்தம் வருகிறது. ரெண்டு வாரம் வரைக்கும் ஜாக்கிரதை என்றார்கள். பாலிப் பெரிசாக இருந்தாலும், வலது பக்கக் குடலில் இருந்தாலும், ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுகிறவராக இருந்தாலும் வாய்ப்பு கூடுதல். அப்பாவுக்கு மூன்றும் இருந்தது.

வலது பக்கம் பாலிப் எடுத்த குழியை மூட அஞ்சு கிளிப் போட்டார். துணி காயப்போடுகிற கிளிப்பை நகக்கணு அளவுக்குச் சின்னதாக்கினால் எப்படி இருக்கும், அப்படி. பில்லைப் பார்த்ததும் எனக்குள் இருக்கிற கணக்குப்பிள்ளை எழுந்து, "இடது பக்கம் லூப் மட்டும்தானே போட்டீங்க, இங்க எதுக்கு அஞ்சு?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. 2019-இல் வந்த ஒரு பெரிய ஆய்வைச் சொன்னார். 2 செ.மீ.க்கு மேற்பட்ட, காம்பில்லாத பாலிப் எடுத்த 900-க்கும் மேற்பட்டவர்களைக் கிளிப் போட்டவர்கள், போடாதவர்கள் என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பிறகு ரத்தம் வந்தது போடாதவர்களில் நூற்றுக்கு 7 பேருக்கு, போட்டவர்களில் மூன்றரைப் பேருக்கு. அதிலும் வலது பக்கத்தை மட்டும் எடுத்தால் 9.6 சதவீதம் 3.3 ஆகக் குறைந்தது. இடது பக்கத்தில் பிரயோஜனமே தெரியவில்லை. அதனால் எல்லோருக்கும் எல்லா இடத்திலும் கிளிப் போடுவது வீண் செலவு, அப்பாவுக்கு அந்த இடத்தில் போடாமல் விட்டால்தான் தப்பு. கணக்கு ஒத்துப்போனதால் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

கரண்டே இல்லாமல் வெறும் சுருக்கால் அறுக்கிற முறையும் இருக்கிறதாமே, அதில் ரத்தம் குறைவு என்று யூடியூபில் பார்த்தேனே என்றும் கேட்டேன் (யூடியூபில் பார்த்ததை டாக்டரிடம் கேட்கக் கூடாது என்று தெரியும்தான்). அதுவும் உண்மைதானாம். தீப்புண் இல்லாததால் பிறகு வருகிற ரத்தம் குறைகிறது, குடல் ஓட்டையாவதும் குறைவு. ஆனால் 2024-இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில் பெரிய பாலிப்பை அப்படி எடுத்தவர்களில் 24 சதவீதம் பேருக்கு அதே இடத்தில் மிச்சமோ மறுபடியும் முளைத்ததோ இருந்தது, கரண்டில் எடுத்தவர்களுக்கு 14. ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று ஏறுகிறது. அப்பாவுடையதுக்குக் கரண்டுதான் சரி என்று அவர் முடிவு செய்தார்.

ரெண்டு நாளில் டிஸ்சார்ஜ். குளோபிடோக்ரெல்லைத் திரும்ப ஆரம்பிக்கிற தேதியைச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்கள். இதைக் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள், நிறுத்தினதை மறந்து அப்படியே விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்களாம். ரெண்டு வாரம் கனம் தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் வந்து சேரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். தோட்டத்திலிருந்து கோவை வர ரெண்டு மணி நேரம் ஆகும், ராத்திரி என்றால் வண்டி தேட வேண்டும், அதனால் சிங்காநல்லூரில் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன்.

ஆறாவது நாள் ஆடிப் பதினெட்டு. கொடுமுடிக்குப் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வருஷா வருஷம் போகிறார், காவிரியில் தலை முழுகாமல் அவருக்கு ஆடி முடியாது. "ஒரு நாள்தான அம்மிணி, காருலயே உக்காந்துட்டு வந்தர்றேன்." நான் விடவில்லை. அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவே இல்லை, அரிசி பருப்பு சாதத்தைத் தட்டில் வைத்தபோதும் அம்மாவைப் பார்த்துத்தான் "போதும்" என்றார். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கே சங்கடமாகிவிட்டது, கூட்டிப்போயிருக்கலாமோ என்று.

எட்டாவது நாள் காலை ஆறு மணிக்குப் பாத்ரூமிலிருந்து கூப்பிட்டார். "அம்மிணி, இங்க வா கொஞ்சம்." அப்பா என்னை அப்படிக் கூப்பிடுகிறவர் இல்லை. பேசினில் சிவப்பு. முந்தின நாள் பீட்ரூட் எதுவும் செய்தோமா என்றுதான் முதலில் யோசித்தேன், செய்யவில்லை. கட்டி கட்டியாக இல்லை, தண்ணியில் கலந்த புதுச் சிவப்பு. தலை சுற்றவில்லை என்றார், கை சில்லிடவில்லை. சீட்டில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன், இருபது நிமிஷத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஹீமோகுளோபின் 9.4, டிஸ்சார்ஜில் இருந்தது 9.6. பிரஷர், நாடி சரி. டிரிப்ஸ் போட்டு ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள். இன்னொரு தடவை கொஞ்சம் வந்தது, அப்புறம் தானாகவே நின்றுவிட்டது. நிறைய பேருக்கு இப்படித் தானாக நின்றுவிடுமாம், நிற்காவிட்டால் திரும்பக் கேமரா விட்டு அந்த இடத்தில் இன்னொரு கிளிப் போடுவார்கள். அது வேண்டியிருக்கவில்லை. தோட்டத்தில் இருந்திருந்தால் அப்பா இதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார், மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருப்பார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

பயாப்சியில் கேன்சர் இல்லை. ரெண்டுமே அடினோமா, அதாவது இப்போதைக்குக் கேன்சர் இல்லாத வளர்ச்சி, பெரிசில் மட்டும் செல்கள் கொஞ்சம் மாற ஆரம்பித்திருந்தன, விட்டிருந்தால் ஒரு நாள் கேன்சர் ஆகியிருக்கலாம். கிளிப்புகள் சில வாரத்தில் தானாகக் கழன்று மலத்தோடு போய்விடும் என்றார்கள். அது நமக்குத் தெரிய வராதாம், ஆனாலும் அப்பா ஒரு மாதம் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் கிளிப் இருப்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பிஸ்கட் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இப்போது ஒவ்வொரு அட்டையிலும் உள்ளே என்ன மருந்து என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன், அதையே போட்டோ எடுத்து என் போனிலும் தம்பி போனிலும் வைத்திருக்கிறோம். அம்மாவுக்குத்தான் இதில் குறை, டப்பா நல்லாத்தானே இருந்தது என்று.

ஆறு மாதத்தில் அந்த வலது பக்க இடத்தைத் திரும்பக் கேமராவில் பார்க்க வேண்டும், ஓரத்தில் ஏதாவது முளைத்திருக்கிறதா என்று. கணக்குப்படி ஜனவரிக் கடைசி. போன வாரம் அப்பாவுக்குப் போன் பண்ணி ஜனவரி மூன்றாவது வாரத்தில் தேதி வாங்கட்டுமா என்றேன். காலண்டரைத் திருப்புகிற சத்தம் கேட்டது. "வேண்டாம் அம்மிணி. முளைச்சிருந்தா அன்னிக்கே எடுப்பாங்கல்ல, அப்பறம் பதனாலு நாள் கணக்கு வருமே. சிவன்மலைத் தேர் முடியட்டும், அடுத்த வாரம் போயிக்கலாம்."